ஓலீட்டா ஸ்டோவலின் ஞாயிற்றுக்கிழமை உடைகள்

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு ஓலீட்டா ஸ்டோவலை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். என் கைக்கடிகாரம் ஒன்பதேகால் என்றுதான் காட்டியது. கோடைக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாள் அது. டன்லீ என்னும் இந்தச் சிற்றூருக்குக் குடிவந்த அலைச்சலில் நான் அதை மறந்துவிட்டிருந்தேன். பாப்டிஸ்ட் தேவாலயத்தின் முன் வண்டியை நிறுத்தியபோது உள்ளே இரண்டாவது பாட்டு முடிந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரே ஒரு பெண்மணி நின்றார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குட்டை, தடித்த உடம்பு. கருநீலத்தில் பொடிப்பொடி மஞ்சள் பூக்கள் போட்ட நீண்ட கவுன் அணிந்து, அதன்மேல் பொத்தான் போடாத ஒரு பருத்தி மேல்சட்டை போட்டிருந்தார்.

"கடிகாரத்தைத் திருப்பி வைக்கலையா, கண்ணு?" என்றார்.

"மறந்துட்டேங்க. ரொம்ப லேட்டா?"

"அதெல்லாம் இல்ல. பாஸ்டர் இன்னும் பிரசங்கத்துக்கு எழுந்திருக்கவே இல்ல. அவர் பேச ஆரம்பிச்சதும் பாதிப் பேர் கண்ணை மூடிடுவாங்க. ஜெபம் பண்றாங்கன்னு நினைச்சு நீயும் மூடிடாதே."

சொல்லிவிட்டு என்னைக் கட்டியணைத்தார். எங்கள் ஊரில் தேவாலய வாசலில் நிற்பவர், வருகிற ஒவ்வொருவரையும் அணைத்துத்தான் உள்ளே விடுவார். கை குலுக்கி அனுப்பினால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். ஓலீட்டா தம் இரு கைகளையும் என் கைகளுக்குக் கீழே கொடுத்து அணைத்தார். அதனால் என் கைகள் தாமாகவே அவர் தோள்மேல் விழுந்தன. குட்டையானவர்கள் இப்படித்தான் அணைப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு எனக்கும் வாசல் பணி கொடுத்தார்கள். கதவின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். வாரநாள்களில் நான் வங்கியில் வேலை பார்த்தேன். ஓலீட்டாவுக்கு நாணயம் போட்டுத் துணி துவைக்கும் கடைகள் மூன்று, மூன்று ஊர்களில் இருந்தன. கணவர் வெல்டன் 2003இல் இறந்த பிறகு அவர் ஒருவராகவே அவற்றை நடத்தினார். வாரம் இரண்டு முறை, பருத்தி வயல்களுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் நடுவே ஆள் நடமாட்டமில்லாத சாலைகளில், நாணயப் பைகளை ஏற்றிக்கொண்டு தம் பழைய பிக்கப் வண்டியைத் தனியே ஓட்டி வருவார். அந்தப் பைகள் எங்கள் வங்கிக்குத்தான் வந்து சேரும்.

"துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போகக்கூடாதா, மிஸ் ஓலீட்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெல்டன் துணைக்கு வந்துட்டுத்தான் இருந்தாரு. வழி முழுக்கக் குறட்டை. வண்டியோட அவரையும் சேர்த்து யாராவது தூக்கிட்டுப் போயிருந்தா, அவங்க வீட்டுல போய் இறங்கினப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சிருக்கும்."

டன்லீயில் வளர்ந்த ஆள்களில் பெரும்பாலோர் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள். அதை உடைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடுவதும் இங்கே அதிசயமில்லை. ஆனால் யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பெண்ணிடம் அவள் எடை என்ன என்று கேட்பதைப் போன்றது அது. கேட்காவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். நாற்காலியிலிருந்து எழுந்ததும் சட்டையின் அடிப்பக்கத்தை இழுத்துவிடுகிறவரிடம் இருக்கும். ஜூலை வெயிலில் அரைக்கோட்டு போட்டுத் திரிகிறவரிடம் இருக்கும். கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்காமல், குந்தி உட்கார்ந்து எடுக்கிறவரிடம் நிச்சயமாக இருக்கும். மெல்லிய துணியாக இருந்தால் துப்பாக்கியின் பிடி வெளியே புடைத்துக்கொண்டு தெரியும். அதை அச்சு விழுவது என்பார்கள். வங்கியில் பல ஆண்டுகள் வருவோர் போவோரைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தக் கண் வாய்த்திருந்தது. ஓலீட்டாவிடம் துப்பாக்கி இல்லை என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததே இல்லை. அவருடைய கைப்பை வாசலருகே கொக்கியில் திறந்தபடி தொங்கும். சபையின் குழந்தைகள் எல்லாம் பெப்பர்மின்ட் மிட்டாய்க்காக அதற்குள் முழங்கை வரை விட்டுத் துழாவுவார்கள்.

இனி என் தம்பி ராய்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயல் கிணறுகளின் மோட்டார்களைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். மனைவியைப் பிரிந்தவன். அவர்களுடைய மகள் லேனிக்கு 2019இல் ஏழு வயது. ஒரு வாரம் தகப்பனிடமும் மறுவாரம் தாயிடமுமாக வளர்ந்தாள். அந்த ஆண்டு தாய் மறுமணம் செய்துகொண்டு லபக் நகருக்குப் போனார். லேனி முழுக்கத் தம்மிடமே இருக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். ராய்ஸ் கவனமில்லாதவன், அவனை நம்பி ஒரு குழந்தையை விட முடியாது என்பதுதான் தாயின் வழக்கறிஞருடைய வாதம். பண்ணைக் கதவைத் திறந்துபோட்டது, பள்ளியிலிருந்து மகளை அழைத்துவர ஒருநாள் மறந்தது என்று சில சம்பவங்களைத் தேடிப்பிடித்து வைத்திருந்தார். அந்தச் சம்பவங்களை லபக்குக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் ராய்ஸின் பழைய மாமியார் மேவிஸ். அவரும் எங்கள் சபைதான், மூன்றாம் வரிசை. விசாரணை செப்டம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

அந்த ஆண்டுதான் எங்கள் சபையில் ஒரு காவல் குழு அமைத்தார்கள். ஆராதனையின்போது உரிமம் பெற்ற சிலர் துப்பாக்கியோடு ஆங்காங்கே அமர்ந்திருப்பார்கள். யார் யார் என்று வெளியே தெரியாது. ராய்ஸும் அதில் சேர்ந்தான். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மூன்று ஊர்க் கடைகளை ஏறி இறங்கினான். உடையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஏற்கெனவே வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த கால்சட்டைக்குள் உறையோடு துப்பாக்கியையும் செருகினான். அதைத் தாங்கியது, கழுத்தில் கட்டும் டையோடு இலவசமாக வந்த ஒரு மெல்லிய பெல்ட். மேலே வெள்ளைச் சட்டை, அச்சு விழாமல் இருக்க ஒரு கோட்டு. சொரசொரப்பான பிடி விலாவை அராவிக்கொண்டே இருக்க, பெஞ்சில் அவன் ஒருக்களித்து உட்காருவான்.

"என்னடா, முள்ளுமேல உக்கார்ந்த மாதிரி உக்கார்றே?" என்று கேட்டேன்.

"பழகிடும் ஜெரி."

பழகவில்லை.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் பாதியில் இருந்தபோது, ராய்ஸ் என்னைத் தாழ்வாரத்துக்கு வரும்படி சைகை காட்டினான். போனேன். அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

"ஜெரி, அது இல்ல."

"எது?"

கோட்டின் வலப்பக்கத்தை விலக்கிக் காட்டினான். இடுப்பில் எதுவுமில்லை.

ஆராதனைக்கு முன்பு, குழந்தைகள் அறையை ஒட்டிய கழிவறைக்குப் போயிருக்கிறான். வலி தாங்காமல் உறையோடு கழற்றி, கைக்குழந்தைகளுக்குத் துணி மாற்றும் பலகைமேல் வைத்திருக்கிறான். அப்படியே வந்துவிட்டான்.

"பிரசங்கத்துல உக்கார்ந்திருக்கேன், இடுப்பு சொகமா இருக்கு. அப்பாடா, பழகிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன் ஜெரி. அப்புறம்தான் பகீர்னுச்சு. ஓடிப்போய்ப் பார்த்தேன். காணோம்."

"நீ அங்கே வைச்சதுக்கு அப்புறம் யார் போனாங்க?"

"சின்னப் பசங்க வரிசையா போயிருக்காங்க. இன்னிக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கிறது யாரு தெரியுமா? மேவிஸ்."

இருவரும் தேடினோம். குப்பைத் தொட்டி, துணிக் கூடை, பொம்மைப் பெட்டி. குழந்தைகள் நடுவே தரையில் உட்கார்ந்து மேவிஸ் படக்கதை வாசித்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். அவர் எடுத்து ஒளித்து வைத்திருந்தால் வியாழக்கிழமை அது நீதிபதியின் மேசைமேல் இருக்கும். ஏதாவது குழந்தை எடுத்திருந்தால் என்ற நினைப்பில், லேனியின் இளஞ்சிவப்பு முதுகுப்பையைக் கடைசியாகத் திறந்து பார்த்தேன். அதிலும் இல்லை.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றான் ராய்ஸ்.

"யார்கிட்டே?"

"பாஸ்டர்கிட்டே. பிரசங்கத்தை நிறுத்தச் சொல்றேன். ஒரு புள்ள கையில இருந்துச்சுன்னா என்ன ஆகும்? கதவையெல்லாம் மூடிட்டு எல்லாருமா தேடணும்."

"வியாழக்கிழமை லேனியை..."

"தெரியும்" என்றான். ஆலயக் கதவை நோக்கி நடந்தான். நான் அவன் பின்னால் ஓடினேன்.

கதவருகே ஓலீட்டா நின்றிருந்தார். ஆராதனை முடிந்து கொடுப்பதற்கான தாள்கள் இரண்டு கையிலும் இருந்தன.

"உள்ளே போய்ச் சத்தம் போடாம உக்காரு மகனே" என்றார். "நீ தேடுற சாமான் பத்திரமா இருக்கு."

ராய்ஸ் சுவரில் சாய்ந்துவிட்டான். "எங்கே இருக்கு?"

"என்கிட்டத்தான். நீ ஒருக்களிக்காம நடந்து வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, பசங்க போறதுக்கு முன்னாடியே போய் எடுத்துட்டேன். மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. காலையிலேயே மாட்டுக்கறியை அடுப்புல போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

நான் அவரைப் பார்த்தேன். கைகளில் தாள்கள். கைப்பை வழக்கம்போல் கொக்கியில். அதில் ஒரு சிறுமியின் கை. அன்று பச்சைக் கட்டங்களில் வெள்ளைப் பூ போட்ட கவுன். எங்கே வைத்திருக்கிறார்? வண்டிக்குக் கொண்டுபோய்விட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"வண்டியிலயா?" என்று ராய்ஸும் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை வண்டியில துப்பாக்கியை வைக்கிறவனுக்கு மூளையே கிடையாது. என்மேலதான் இருக்கு. போ, உக்காரு."

கடைசிப் பாட்டு முடிந்தது. கதவுகளைத் திறந்தோம். எங்கள் சமவெளியில் செப்டம்பர்க் காற்றுக்கு வீசச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆண்களின் கழுத்து டைகள் தோளுக்குமேல் பறந்தன. பெண்கள் பாவாடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஓலீட்டா அந்தக் காற்றில் வாசற்படியில் நின்று சபை முழுவதையும் ஒவ்வொருவராக அணைத்து அனுப்பினார். நான் எதிரே நின்று, என் பக்கம் வந்தவர்களைக்கூடச் சரியாகக் கவனிக்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உடம்பில் ஓர் ஆயுதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காணமுடியவில்லை. மேல்சட்டை ஒரு விரல்கடைகூடத் தூக்கவில்லை. அவர் கை ஒருமுறைகூட இடுப்புப் பக்கம் போகவில்லை. குழந்தைகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தபோது குனியாமல், முழங்காலை மடக்கி அவர்கள் உயரத்துக்கே இறங்கினார். அவர்கள் கைகள் கழுத்தில் விழுந்தன.

கடைசியாக மேவிஸ் வந்தார். ஓலீட்டாவின் தோள்களை இறுகக் கட்டிக்கொண்டார்.

"ஓலீட்டா, நீ இளைச்சுட்டே!"

"கண்ணை டாக்டர்கிட்டக் காட்டு, மேவிஸ். செலவை நான் தர்றேன்."

ராய்ஸ் எனக்குப் பின்னால் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மதியம் அவர் வீட்டுச் சமையலறையில் எங்களை உட்காரவைத்துவிட்டு ஓலீட்டா படுக்கையறைக்குள் போனார். திரும்பி வந்து, தட்டுத் துடைக்கும் துண்டு ஒன்றை மேசைமேல் விரித்து, அதில் இரண்டு கைத்துப்பாக்கிகளை வைத்தார். தோட்டாக்களை எல்லாம் எடுத்துத் தனியே ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தார்.

"ரெண்டு?" என்றேன்.

"பெரிசு இவனோடது. இந்தச் சின்னது வெல்டன் போனதிலிருந்து என்னோடது."

"தேவாலயத்துக்கும் கொண்டு வருவீங்களா?"

"நீ கதவுக்கு அந்தப் பக்கம் நிக்க ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? அத்தனை வருஷமும் வந்திருக்கு. குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும்தான் கழற்றுவேன்."

ஐந்தரை ஆண்டுகளாக ஞாயிறுதோறும் என்னை அணைத்தவர். கைகளைக் கீழே கொடுத்து, என் கைகளைத் தோளுக்கு ஏற்றிவிட்ட அந்த முதல் அணைப்பு நினைவுக்கு வந்தது. அது உயரக் குறைவால் வந்த பழக்கம் அல்ல. குழந்தைகளுக்காக முழங்காலை மடக்கியதும், கை இடுப்புப் பக்கம் போகாதபடி எப்போதும் தாள்களை வைத்திருந்ததும் அதைப் போலத்தான். அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை என்று அன்று தோன்றியது. இன்றும் அதே எண்ணம்தான்.

கழற்றி வைத்திருந்த உடுப்புகளையும் ஓலீட்டா காட்டினார். விலா எலும்புக்குக் கீழே, உள்சட்டைக்குமேல் சுற்றிக்கொள்ளும் அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்று. அதன் இரு பக்கமும் பைகள். துப்பாக்கி கெட்டியான உறைக்குள், விசை முழுவதும் மூடப்பட்டு, அந்தப் பையில் உட்கார்ந்துகொள்ளும். இடப்பக்கப் பை கைப்பேசிக்கானது. அன்று ராய்ஸின் துப்பாக்கி அதில்தான் ஏறியிருந்தது. கவுனின் பக்கத் தையல் ஓரிடத்தில் பிரிக்கப்பட்டு, உள்ளே கைபோகும்படி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. மேல்சட்டையை எடுத்துப் பார்த்தேன். கனத்தது. அடி மடிப்புக்குள், ஜன்னல் திரைகளின் ஓரத்தில் வைக்கும் ஈயக் குண்டுகளைச் சுற்றிலும் கோத்து வைத்திருந்தார்.

"இந்த ஊர்க் காத்துக்கு மேல்சட்டையைப் பிடிச்சுக்கிட்டே திரிய முடியுமா? யாராவது பிடிச்சுக்கணும்னா இந்தக் குண்டுங்க பிடிச்சுக்கட்டும்னு விட்டேன்."

"எல்லா கவுனும் ஏன் பூப் போட்டதாவே இருக்கு?" என்றேன்.

"வெறும் ஒரே கலரா இருந்தா ஒரு மேடு வந்தாலும் தெரியும். பொடிப் பூவில கண்ணு எங்கே நிக்குறதுன்னு தெரியாம ஓடிடும். ஒட்டுற துணி கூடாது. விறைப்பான பருத்தி, ஒரு அளவு பெரிசு. அதுவும் துவைச்சுத் துவைச்சு எது சுருங்கும், எது தொங்கும்னு என் கடை மெஷின்ல பார்த்துட்டுத்தான் வாங்குவேன்." பிறகு ராய்ஸ் பக்கம் திரும்பினார். "உன் பெல்ட்டைக் கழற்று."

அவன் கழற்றிக் கொடுத்தான். ஓலீட்டா அதை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார். அது தொளதொளவென்று தொங்கியது.

"இது பெல்ட்டா? பரிசுப் பொட்டலத்துக்குக் கட்டுற ரிப்பனா?"

"கடையில நல்லதுன்னான், மிஸ் ஓலீட்டா."

"ரெண்டு தோலை ஒட்டித் தைச்ச பெல்ட் வேணும். இடுப்பு ஒரு சுத்து பெருசா கால்சட்டை வேணும். தோலுக்கும் உறைக்கும் நடுவுல ஒரு பனியன் வேணும். அந்தக் கோட்டைக் கழற்றி எறிஞ்சிட்டு, கட்டம் போட்ட சட்டையை வெளியே விட்டுக்கோ. பாஸ்டர் ஏதாவது சொன்னா என்கிட்டே அனுப்பு. வலிச்சா மனுஷன் கழற்றுவான், கழற்றினா எங்கேயாவது வைப்பான். காலையில போட்டா ராத்திரி வரைக்கும் அது இருக்கிறதே மறந்துபோகணும். அப்படி உடுத்தத் தெரியலேன்னா வீட்டுலேயே விட்டுட்டு வந்துடு."

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "நீங்க முன்னாடியே என்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் செத்தே போயிட்டேன்."

"சொல்லத்தான் வந்தேன். நீ என்ன பண்றேன்னு கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்லலாம்னு நின்னேன்."

"பாஸ்டர்கிட்டச் சொல்லப் போறீங்களா?"

"அந்தக் கதவு வரைக்கும் நீ நடந்து வந்தியே, அதைப் பார்த்துட்டேன். எனக்கு அது போதும். கறி ஆறுது."

சாப்பிட்டு எழுந்தபோது ராய்ஸ் அவர் முன்னால் நின்றான். "இதுக்கு நான் உங்களுக்கு என்ன செய்யணும்? எது கேட்டாலும் செய்றேன்."

"எதுன்னாலும்னு சொல்லாதே. எனக்குப் பேராசை ஜாஸ்தி. யோசிச்சுச் சொல்றேன்."

வியாழக்கிழமை வழக்கறிஞர் பண்ணைக் கதவையும் பள்ளியையும் பற்றிப் பேசினார். புதிதாகச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. முன்போலவே ஒருவாரம் விட்டு ஒருவாரம் லேனி தகப்பனிடம் இருக்கட்டும் என்று நீதிபதி சொன்னார். நீதிமன்றப் படிகளில் ராய்ஸ் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். காவல் குழுவிலிருந்து அவன் தானாகவே விலகினான். ஓலீட்டா சொன்னபடி உடைகளை மாற்றிக்கொண்ட பிறகே, ஓராண்டு கழித்துத் திரும்பச் சேர்ந்தான்.

2021இல் அவனை நகரசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மறுஆண்டு மழை பொய்த்தது. ஊர்க் கிணறுகள் இறங்கிக்கொண்டே போயின. நாணயச் சலவைக் கடைகளை வாரத்தில் மூன்று நாள் மூடிவைப்பதென்று ஒரு தீர்மானம் வந்தது. டன்லீயில் இருந்த ஒரே சலவைக் கடை ஓலீட்டாவுடையது. மற்ற இரண்டையும் விற்றுவிட்டு, இதை வைத்துத்தான் அவர் பிழைத்தார். இடுப்பு எலும்பு தேய்ந்து அவர் கைத்தடியோடு நடந்த காலம் அது.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முதல் வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து உறுப்பினர்களில் இருவர் தீர்மானத்துக்கு ஆதரவு, இருவர் எதிர்ப்பு. மிஞ்சியது ராய்ஸ். கிணறுகளின் நிலைமை அவனுக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே யாருக்கும் தெரியாது. அவன் நிமிர்ந்து ஓலீட்டாவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கேட்டால் அவன் தன் வாக்கைத் தந்திருப்பான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு புருவத்தை உயர்த்தியிருந்தால்கூடப் போதும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த பழைய நகரசபைத் தலைவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். அவன் முடிவெடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராய்ஸ் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினான். அந்தக் குளிர்காலத்துக்குள் கடை ஒரேயடியாக மூடப்பட்டது.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் ஓடிவந்து அவரை நிறுத்தினான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸ் ஓலீட்டா."

"தண்ணி இல்லேன்னா இல்லதான். அதுல நான் என்னத்தைச் சொல்றது?"

"அன்னிக்கு யோசிச்சுச் சொல்றேன்னீங்களே."

"யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். அவசரப்படுத்தாதே."

2024 பிப்ரவரியில் ஓலீட்டா ஸ்டோவல் உறக்கத்தில் இறந்தார். ராய்ஸிடம் அவர் எதையுமே கேட்டிருக்கவில்லை.